குர்லா தாண்டிப் பறந்த பவுன் நோட்டு

எதையாவது சேகரிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கிடைத்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டத் தெரியாது. நாலு பேரிடம் காட்டியாக வேண்டும். எனக்கு அந்த வியாதி முற்றி, ஹார்பர் லைன் ரயில் ஒன்றையே நிறுத்தியது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வடாலாவில் அப்பா அம்மாவோடு ஒண்டுக் குடித்தனம். ஆபீஸ் தோழிகள் புடவை சேர்த்தபோது, நான் போர்ச்சுக்கீசியர் ஆண்ட ஆப்பிரிக்க நாடுகளின் பழைய நோட்டுகளைச் சேர்த்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.) ஒரு பக்கம் மீசைக்காரப் பிரபு, மறுபக்கம் ஒரு பெண்ணும் கப்பல்களும். அதைப் பார்த்தாலே நானும் கப்பல் ஏறிவிட்டது போல இருக்கும்.

கோவா நம் கைக்கு வந்ததும், கோபித்துக்கொண்ட போர்ச்சுக்கீசியர்கள் மொசாம்பிக்கில் இருந்த இந்தியர்களை மூட்டை கட்ட வைத்தார்கள். பெய்ரா என்ற துறைமுகத்தில் கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக் குடும்பம் அப்படித் திரும்பி வந்து எங்கள் மாடியில் குடியேறியது. அந்த வீட்டு அம்மாள் ரஞ்சன்பென், அம்மா கொடுத்த கடுமாங்காய் ஊறுகாய்க்குப் பதில் மரியாதையாக, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு காகிதத்தை எனக்குத் தந்தார்.

பார்த்ததும் ஒரு குதி குதித்தேன். போர்ச்சுக்கீசிய நோட்டு; ஆனால் அவர்கள் நாணயமான எஸ்குடோ இல்லை, இங்கிலீஷ்காரன் பவுன்! பெய்ராப் பக்கத்தை ஒரு வியாபாரக் கம்பெனி நிர்வாகம் செய்த காலத்தில் அடித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, இனிச் செல்லாது என்பதற்காக, ‘கொடுத்தாயிற்று’ என்று அவர்கள் பாஷையில் எழுத்தெழுத்தாகத் துளை போட்டிருந்தார்கள்.

“கரையான் அரிச்ச காயிதத்துக்கா இந்தக் குதி குதிக்கறே?” என்றாள் அம்மா.

தாதரில் ஒரு தபால்தலைக் கடை உண்டு. அங்கே மகாதேவன் மாமா சொன்னதுதான் சட்டம். செம்பூர்க்காரர், ரிடையரான அதிகாரி. நோட்டைப் பற்றிச் சொன்னதும் கடையே அதிரச் சிரித்தார்.

“போர்ச்சுக்கீஸ் ராஜ்யத்துல பவுன் நோட்டா? உன்னை யாரோ நன்னா ஏமாத்திருக்கா குழந்தே. ஞாயித்துக்கிழமை ஆத்துக்குக் கொண்டு வா. நிஜமா இருந்தா, எங்கிட்ட இருக்கற அங்கோலா நோட்டுல ஒண்ணை நீயே பொறுக்கிக்கோ.”

அங்கோலா! சனிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை, நோட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எதிரே காலிக் கூடையோடு ஒரு மீன்காரம்மா. நான் எனக்குள் சிரித்துக்கொள்வதைப் பார்த்து, “கியா ஹை, பேட்டி?” என்ன விஷயம் மகளே என்று கேட்டுவிட்டாள்.

கேட்டால் விடுவேனா? கைக்குட்டையைப் பிரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தானே துளைகளின் அழகு தெரியும்? பிடித்தேன். ரயில் அப்போதுதான் குர்லாவைத் தாண்டி வேகம் எடுத்திருந்தது. நோட்டு என் விரல்களிலிருந்து புறப்பட்டு, ஜன்னல் வழியே, பறவை மாதிரி போய்விட்டது.

பாய்ந்து அபாயச் சங்கிலியில் தொங்கினேன். என் எடைக்கு அது அசையவில்லை. (அன்றைக்கு நான் அப்படி இருந்தேன். நம்புங்கள்.) மீன்காரம்மா, ஏதோ திருடன் என்று நினைத்து, “சோர்! சோர்!” என்று அலறியபடி என் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ரயில் நின்றது.

கார்டு ஓடி வந்தார். “கியா கிரா?” என்ன விழுந்தது என்று கேட்டார்.

“ஏக் பவுண்ட்!” என்று கத்திவிட்டு நான் தண்டவாளத்தில் குதித்தேன்.

அந்த வார்த்தை எனக்கு முன்னால் ஓடியது. அடுத்த பெட்டியில் அது ‘பொண்ணோட பவுன் விழுந்துட்டுதாம்’ ஆனது. கடைசிப் பெட்டியை எட்டுவதற்குள் ஒரு கல்யாண வீட்டு நகைப்பை முழுவதும் விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் பாதி ரயில் கீழே இறங்கிச் சேற்றில் தேடிக்கொண்டிருக்கிறது!

மீன்காரம்மாதான் கண்டுபிடித்தாள். முழங்கால் சகதியில் இறங்கி, ஒரு புதரிலிருந்து எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்தாள். துளைகள் வழியே சூரியன் தெரிந்தது.

வேட்டியெல்லாம் சேறான தாராவிக்காரர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “ஏம்மா, இந்த ஓட்டத் தாளுக்கா எங்களையெல்லாம் சகதில எறக்குன? நீ வெளங்குவியா?”

கார்டு என்னையும் நோட்டையும் செம்பூர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்தார். அபராதம் கட்ட என்னிடம் வழியில்லை. லாக்கப் என்ற சொல் வேறு காதில் விழுந்தது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே மனிதருக்கு ஆள் அனுப்பினார்கள். ஒரு கன்னத்தில் ஷேவிங் சோப்போடு மகாதேவன் மாமா ஓடி வந்தார்.

“இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர்.

மாமா காதில் விழவில்லை. மேஜைமேல் கிடந்த நோட்டின் மீது குனிந்திருந்தார்.

“பவுன்! பவுன்னே போட்டிருக்குடீ!” என்று ஒரு குதி குதித்தார். நானும் குதித்தேன். கைதி என்பது மறந்தே போயிற்று. பிறகு அவர் ஸ்டேஷன் மாஸ்டரை உட்கார வைத்து, வாஸ்கோ ட காமா கப்பல் ஏறியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றுவதற்குள் இரண்டு ரயில்கள் வந்து போயின. அந்த மனிதர் அவசர அவசரமாக அபராதத்தைக் குறைத்து ரசீது எழுதி, என்னிடம் கெஞ்சினார்: “இவரை முதலில் வெளியே அழைத்துக்கொண்டு போ.”

மாமாவே பணம் கட்டினார். தான் சொன்னது தப்பு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் அங்கோலா நோட்டுகள் முழுவதையும் என் முன்னால் பரப்பிவிட்டார். இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

சேதி எனக்கு முன்னால் வடாலா போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் ‘சங்கிலி’. இப்போது அக்காவின் பேரப்பிள்ளைகளுக்குக்கூட நான் ‘சங்கிலிப் பாட்டி’தான்.

போன வருஷம் ஒரு நிச்சயதார்த்தத்தில் அப்படித்தான் என்னை அறிமுகம் செய்தார்கள். புது சம்பந்தி மாமி என் வெறுங்கழுத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“சங்கிலியை லாக்கர்ல வெச்சுட்டேளா?”

“அது என்னோடது இல்லே மாமி,” என்றேன் பெருமையாக. “சின்ன வயசுல ஒரு தடவை ரயில்ல இழுத்தேன். பிடிச்சுட்டா.”

மாமி மெதுவாகத் தன் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.