அம்பது வரியும் சீக்காளி மிஷினும்

“புதிதாக பிலோமினா அக்கா சேர்ந்தார். நாலு மிஷினிலும் எழுத்து வழக்கம்போல் கடுகு.” என் 1996ஆம் வருஷ டைரியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. கடுகாக்கியவர், ‘அம்பது வரி’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த அண்ணன். அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடி வியாபாரம் செழித்ததென்றால் அதற்கு அவர் ஒருவரே காரணம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டரில் அவர்தான் சீனியர். விண்டோஸ் எங்களை எட்டாத டாஸ் காலம். எடிட்டரைத் திறந்தால் திரையில் இருபத்தைந்து வரி தெரியும். அவருக்கு அது ஆகாது. தினமும் முதல் ஆளாக வந்து, எல்லா மிஷினிலும் கட்டளை கொடுத்து ஐம்பது வரியாக்கிவிடுவார். வரி இரட்டித்தால் எழுத்து பாதியாகிவிடும்.

“அண்ணே, ஒண்ணுமே தெரியலண்ணே” என்போம்.

“ஏலே, இருபத்தஞ்சு வரியில வேலை பாக்குறது சாவி ஓட்டை வழியா கல்யாணம் பாக்குற மாதிரி. முழுப் பந்தலும் தெரிய வேணாமா?”

ஒருநாள் திரையில் ஊர்ந்த எறும்பைக் கமா என்று நினைத்து டெலீட்டைத் தட்டினார். எறும்பு நகர்ந்தது. இவரும் விடாமல் துரத்தினார். எறும்பு பத்திரமாக மேசைக்கு இறங்கியபோது, ஒரு வக்கீல் நோட்டீஸில் பாதியைக் காணோம்.

பிலோமினா அக்கா நிலக்கோட்டை பஸ்ஸில் வருவார். அவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. விரல் நன்றாக ஓடும். அடித்ததைப் படித்துத் திருத்தத்தான் கண் எட்டாது. முதல் வாரமே முதலாளி சொல்லிவிட்டார்: “நாளைக்கும் இம்புட்டுத் தப்பு இருந்துச்சுன்னா வேற எடம் பாத்துக்கம்மா.”

மறுநாள் காலை அக்கா அலறினார்.

“ஏப்பா, எம் மிஷின் மட்டும் ஊதிப்போச்சே! எழுத்தெல்லாம் சினிமா போஸ்டராட்டம் நிக்குது!”

அம்பது வரி தலை நிமிரவில்லை. “அது சீக்காளி மிஷின்க்கா. அம்பது வரி தாங்காது. நீங்கதான் பாத்து ஓட்டணும்.”

நான்கு மிஷினும் ஒரே நாளில், ஒரே வண்டியில் வந்தவை. இறக்கி வைத்தவனே நான்தான்.

அன்று மாலை முதலாளி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். ஒரு தப்புகூட அகப்படவில்லை. வேலை நிலைத்தது.

அதன்பின் அக்கா தினமும் மல்லிகை கொண்டுவந்து, “பாவம், சீக்காளி” என்று தன் மிஷின் தலையில் வைப்பார். அந்தச் சரத்தில் பாதியைக் கிள்ளி அம்பது வரியின் கீபோர்டு ஓரத்திலும் வைப்பார். அக்காவுக்கு விஷயம் தெரியுமா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை உறுதியாகவில்லை.