போர் விமானத்துக்குச் சந்தனம் வைத்தவன்

அடுத்தவன் செய்த சாமானில் தப்புக் கண்டுபிடிப்பதையே உத்தியோகமாக வைத்திருப்பவனுக்கு, தன் கை தப்பே செய்யாது என்று ஒரு நம்பிக்கை வந்துவிடும். எனக்கு முப்பது வயதிலேயே வந்துவிட்டது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு லேத் பட்டறை. தண்ணீர் பம்புக்கும் டிராக்டருக்கும் பாகங்கள் செய்வோம். அங்கே குவாலிட்டி டிபார்ட்மெண்ட் நான். (டிபார்ட்மெண்டில் மொத்தமே நான் ஒருத்தன்தான்.) இரண்டாயிரத்துக்குப் பிறகு, போர் விமானம் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி பெரிதாகிக்கொண்டே வந்தது. வாங்குகிற நாடெல்லாம், 'விமானம் வேண்டுமானால் வாங்குகிறோம், அதில் கொஞ்சம் வேலையை எங்கள் ஊருக்கும் கொடு' என்று கேட்டன. நம் நாடும் கேட்டது. அப்படிச் சிறு பட்டறைகளைத் தேடிக்கொண்டு வந்த ஒரு கம்பெனி எங்கள் வாசலையும் மிதித்தது.

அவர்கள் கேட்டது உள்ளங்கை அகல அலுமினிய பிராக்கெட் ஒன்று. அதில் நாலு துளை. மாதிரி தேறினால் ஐந்து வருஷ ஆர்டர். முதலாளி ஏகாம்பரம் அதை நம்பிப் புது மிஷினே இறக்கிவிட்டார்.

"பம்பு பண்ணிப் பண்ணி பேஜாராப் பூட்சிபா. நம்ம சாமான் ஒண்ணாவது வானத்துல பறக்கணும்" என்பார்.

மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்தோம். கம்பெனி ஆள் மாதிரியைச் சோதிக்க வருகிற அன்று காலை நாலு துளையையும் நானே அளந்து கையெழுத்துப் போட்டேன். பிறகு, பட்டறை வழக்கப்படி முதல் பீஸுக்குப் பூஜை. பொட்டு வைப்பது என் பொறுப்பு. ஓரத்தில் ஒன்று வைத்தால் போதும். போர் விமானமாயிற்றே என்று, துளைக்கு ஒன்றாக நாலு பொட்டு, சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினேன்.

மாமல்லபுரத்தில் தங்கி, வெயிலில் மூக்கு சிவந்துபோயிருந்த வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வந்தார். அளவு பார்க்கிற கேஜ் கம்பியை முதல் துளையில் விட்டார். போகவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"இது என்ன?" என்றார் ஆங்கிலத்தில்.

"காட், சார்" என்றேன்.

எங்கள் செய்முறைத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் எழுதவில்லையே?" என்றார்.

பட்டறையின் மானம் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "எல்லா முதல் பீஸுக்கும் தவறாமல் செய்வோம், சார்" என்று அடித்துச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். (தாளில் இல்லாததைத் தவறாமல் செய்கிறவன் என்று விமானத் தொழிலில் பேர் வாங்குவதும், சாம்பாரில் யாருக்கும் தெரியாமல் எதையோ கலக்கிறான் என்று சமையல்காரன் பேர் வாங்குவதும் ஒன்றுதான்.)

அதோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். சனி விடவில்லை. "ஒரே நிமிஷம், சார்" என்று பீஸை வாங்கி, உப்புத்தாளைச் சுருட்டி நாலு துளையிலும் விட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். சந்தனம் போயிற்று. கூடவே கொஞ்சம் அலுமினியமும் போயிற்று. இந்த முறை கேஜின் மெல்லிய முனை துளைக்குள் போனது. துளை சரியாக இருந்தால் போகவே கூடாத தடித்த முனையும் போனது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

முதலாளி கிழிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"வுடு. பம்பு லோடு கீது பாரு, அத்த முடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புது மிஷினுக்கு உறை போட்டு மூடினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. நாட்டுக்கு விமானம் வாங்கும் பேச்சும் டெண்டர், சோதனை, பேரம் என்று வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. டிவியில் அந்தச் செய்தி வந்தால் போதும், வீட்டில் விருந்தாளி யார் இருந்தாலும் என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்:

"இன்னும் வரலியாம். எப்டி வரும்? எங்க வூட்டுக்காரரு உப்புத்தாள் போட்டுகினு கீறாரு இல்ல!"