மெத்தைக் கடைக்கு வந்த நாற்பது பேர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா, தையல் மெஷின் மூவரும் சுகம். போன்தான் சுகமில்லை, ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் உன்னோடு பேசும் நேரம் பார்த்து வாடிக்கையாளர் கூப்பிட்டுவிட்டால்? அதனால்தான் கடிதம்.

மேம்பாலம் வந்த பிறகு ஜனங்கள் எல்லாம் எங்கள் தலைக்கு மேலேயே போய்விடுகிறார்கள், கடைப்பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை, மாதக் கடைசிக்குள் வியாபாரம் எழவில்லை என்றால் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நானும் உன் அக்காவும் பேசி முடித்திருந்த சமயத்தில்தான் நீ வந்து வெப்சைட், விளம்பரம் என்று ஆரம்பித்தாய். "முதுகுவலிக்கு மெத்தைன்னு விளம்பரத்தைப் பார்த்து ஒருத்தர் தொட்டா, நேரா அந்த மெத்தைதான் கண்ணுல படணும் அத்தான். ஒரு படம், ஒரு வரி, ஒரு பட்டன். அவ்வளவுதான்" என்றாய். கடைக்கு வருகிறவரை வாங்க, உட்காருங்க என்று சொல்லாமல் பட்டனை அமுக்கச் சொன்னால் அது கடையா, லிஃப்டா? அதனால்தான் என் அப்பாவின் படத்தை மேலே போடச் சொன்னேன், பக்கம் திறந்ததும் பஞ்சு அடிக்கிற மெஷின் சத்தம் கேட்கட்டும் என்றேன், கடையில் நான் வழக்கமாகக் கேட்கிற பதினேழு கேள்விகளையும் படிவத்தில் ஏற்றச் சொன்னேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள், குறட்டை உண்டா, இல்லை என்றால் அதைச் சொல்வது நீங்களா, வீட்டில் உள்ளவர்களா? இவை தெரியாமல் எப்படி மெத்தை தைப்பது? நீயும் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தாய். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

(ஒரு நிமிடம். போன் அடித்த மாதிரி இருந்தது. இல்லை.)

விளம்பரம் ஓட ஆரம்பித்து ஏழு நாள். பக்கத்தின் அடியில் வந்தவர் கணக்கு என்று ஓர் எண் ஓடுகிறதே, அதன்படி தினம் நாற்பது பேர் வருகிறார்கள். நாற்பது பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். படிவம்தான் நீளமோ என்று நானே நிரப்பிப் பார்த்தேன். பதினோராவது கேள்வியில் தூக்கம் கண்ணை இழுத்துக்கொண்டு போயிற்று. மெத்தைக் கடைக்கு அது நல்லதுதானே? இந்தக் கவலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அக்காவுக்கு ஏதாவது கவலை உண்டா என்றால், அவள் பின் அறையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு காலையிலிருந்து தன் போனில் பேச்சு. "யாரு?" என்றேன். "தெரிஞ்சவங்க." "இத்தனை பேரா?" "இப்பதான் தெரிஞ்சாங்க" என்கிறாள். போதாக்குறைக்குத் திருட்டு வேறு. பின் அறையில் அடுக்கியிருந்த பதினாறு மெத்தைகளில் இன்று ஒன்பதுதான் இருக்கின்றன. நான் முன்னால் போனுக்குக் காவல் இருக்க, எவனோ பின் வாசல் வழியாக மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போகிறான். இதைச் சொன்னால் உன் அக்கா, "எடுத்தவன் அதுலயே படுத்து நல்லாத் தூங்குவான், விடுங்க" என்று சிரிக்கிறாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசியும் நூலும் தவிர எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஆனாலும் ஈ ஓட்டிக்கொண்டு எத்தனை நாள் உட்காருவது? விளம்பரத்தை நாளையே நிறுத்திவிடு. சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

நீயும் உன் வீட்டாரும் முதுகுவலி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது ஒருவர் வாசலில் வந்து நின்று, "மெத்தை எடுத்துட்டுப் போக வந்தேன். போன்ல பேசுன அம்மா இருக்காங்களா?" என்றார். உன் அக்காவைக் கூப்பிட்டேன். குட்டு உடைந்தது. விளம்பரத்தைத் தொடுகிறவர்கள் போய் இறங்குவது நீங்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் போட்ட வேறொரு பக்கமாமே! ஒரு படம், ஒரு வரி, ஒரு பட்டன், அதில் உன் அக்காவின் நம்பர். ஏழு மெத்தையும் விற்றுப் போனவையாம். "அப்போ என் பக்கத்துக்கு வந்த அந்த நாற்பது பேர்?" என்றேன். "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

விளம்பரத்தை நிறுத்தாதே. சாவி என்னிடமே இருக்கும். மேலே எழுதியதில் என் பயம் மட்டும் உண்மை, மற்றதை மறந்துவிடு. ஆனால் அப்பா படம் போட்ட அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடாதே. அதைப் பார்க்கவென்றே தினமும் ஓர் ஆள் வருகிறான்.