மேனேஜர் தொட்டியில் பெட்டி மீன்

புள்ளி உள்ள எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. இது நல்ல பழக்கம் என்றுதான் 1974 வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிகக் கணக்கு குமாஸ்தா. வேலையை நிரந்தரம் செய்வது மேனேஜர் கையில். அவருக்குக் கடல்மீன் வளர்ப்பதில் பித்து. பழவேற்காட்டிலிருந்து ஜீப்பில் கேன் கேனாகக் கடல்நீர் வரும் (நாங்கள் குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற காலம்).

அந்தச் சமயத்தில் பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் என் மைத்துனன் ஏழுமலையின் வலையில் பெட்டி மீன் என்ற வகை மீன் ஒன்று சிக்கியது. கடலடிப் பாறைத்திட்டுகளில் ஒளிந்து வாழும் இனம். சுண்டுவிரல் நீளம், தீப்பெட்டி போன்ற உடம்பு, மஞ்சள் நிறம், மேலெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

"இத்த துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது. ஒன் மேனேஜராண்ட குடு மாமா. வேலை பர்மனென்ட் ஆயிடும்" என்றான்.

தூக்குவாளியில் கடல்நீரோடு ஏந்தி, பஸ்ஸும் ரயிலும் மாறி, ஞாயிறு காலை பங்களாவுக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் பூரித்துப்போய் அதைத் தொட்டியில் விட்டார். அங்கே ஏற்கெனவே பதினொரு மீன்கள். எனக்குக் காபி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

புள்ளிகளை எண்ணத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடிந்தது. மீன் திரும்ப மறுத்தது. மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினேன். பவளத்துண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அந்தப் பக்கம் போய்த் தட்டினேன்.

"பயப்படுது போல இருக்கு, விடுங்க" என்றார் மேனேஜர்.

"கொஞ்சம்தான் சார். கணக்கு பாதியில நிக்குது."

பயந்தால் பெட்டி மீன் தோலிலிருந்து நஞ்சு கசியும், சின்னத் தொட்டியில் மற்ற மீன்களோடு அதுவும் சேர்ந்து சாகும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அன்று கண்டது தண்ணீரில் நுரை மட்டும். இரண்டாவது காபியோடு வந்த மேனேஜர் மனைவி, "ஏங்க, எல்லாம் மல்லாந்துடுச்சு" என்றார். என் மீனும்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்களை நிரந்தரம் பண்றேன். ஆனா கணக்குப் பிரிவுல இல்ல, ஸ்டோர்ஸ்ல. அங்க போல்ட்டும் நட்டும்தான். எவ்வளவு தட்டினாலும் சாகாது."

மின்விசிறி இல்லாத தகரக் கொட்டகை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

பல வருடம் கழித்து மகளுக்கு வரன் பேசப் போனோம். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி. முகூர்த்தப் பேச்சை ஏழுமலை நிறுத்தினான்.

"மாமாவ அந்தாண்ட சுவத்தோரமா குந்த வையிங்க. கல்யாணம் முடியற வரைக்கும் மீனுங்க உசுரோட இருக்கட்டும்."

சம்பந்திகளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவி ஆதியோடந்தமாகச் சொன்னாள். இப்போது இரண்டு குடும்பங்களிலும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.