ஆறு போனில் அசையாமல் நின்ற குடை

நிவித்திகல,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்பும் மரியாதையும் கொண்ட உதயராஜ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் அனுஷியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் கட்டாரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். நாங்கள் சுகமா என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. நேற்று நான் எத்தனை ரொட்டி தின்றேன் என்பதுவரை அங்கிருந்தே பார்த்திருப்பீர்கள்.

இதைக் குசினியில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் டோர்ச் லைட்டைத் துணியால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய கமராவுக்கு இருட்டிலும் கண் தெரியும், சுவரைத் தாண்டித் தெரியாது. அப்பா இருமும்போதெல்லாம் டோர்ச்சை அணைத்துவிடுகிறேன். போனில் எழுதப் பயம். ஆகவே திங்கட்கிழமை கட்டாருக்குத் திரும்பும் ஷிஹாப் நானாவிடம் கொடுத்துவிடப் போகிறேன். கமராவைச் சுமந்து வந்தவர் அவர்தானே, இதையும் அவரே சுமக்கட்டும்.

மாமா, எங்கள் லயத்து வரிசை வீட்டில் குசினியை விட்டால் இருப்பது ஒரே ஒரு அறை. அதில் பிளக் இருப்பது சாமி படத்துக்கு மேலே, அதனால் கமராவும் அங்கேதான். முதல் நாள் நீங்கள் அதற்குள் இருந்து "அக்கா, சோறு ஆக்கியாச்சா" என்று கேட்டதும், அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு "ஆச்சு சாமி" என்றார். அன்று நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அம்மா தலை சீவக்கூட குசினிக்குத்தான் போகிறார். நான் கணக்குச் செய்யும்போது சாமி படத்திலிருந்து "கொட்டாவி விடாத, படி" என்று சத்தம் வருகிறது. படிக்கிற பிள்ளைக்கு நெஞ்சு அடைத்துப்போகாதா?

நீங்கள் மட்டும் பார்த்தால் பரவாயில்லை. இந்த லயத்தில் ஒரு வீட்டுக்கு டீவி வந்தால் எல்லோரும் வந்து உட்கார்ந்து பார்ப்பதும், அவர்களை உள்ளே விடுவதும் வழக்கம். அப்பா கமராவையும் டீவி என்றே நினைத்துவிட்டார். "ஒருத்தருக்குக் காட்டி ஒருத்தருக்குக் காட்டலன்னா கோவிச்சுக்குவாங்க" என்று பாஸ்வேர்டைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். ஆறு போன், மாமா. பக்கத்து வீட்டு ஜெயம்மா அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டைக் கட்டார் வழியாகப் பார்க்கிறார். "என்ன அனு, இன்னைக்கும் கருவாடுதானா" என்று சுவருக்குள்ளாலேயே கேட்கிறார்.

இப்போது நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். வியாழக்கிழமை அந்தியில் என் வகுப்புத் தனுஷன் டியூஷன் பேப்பரைக் கொடுக்க வந்தான். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை கொட்டியது. கமராவுக்கு நேரே இருக்கும் வாசலில் நின்று அப்பாவின் குடையை நீட்டினேன், அவன் வாங்கினான், ஓடினான். அவ்வளவுதான். ஆனால் மழை வந்தால் இங்கே நெட் நின்றுவிடும் என்று உங்களுக்கே தெரியும். அது நின்ற நேரத்தைப் பாருங்கள், குடைப் பிடியில் என் கையும் அவன் கையும் இருந்த நேரம். ஆறு போனிலும் படம் அப்படியே நின்றுவிட்டது. அரை மணி நேரம் நானும் தனுஷனும் கையை எடுக்கவே இல்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை இந்திரகுமாரின் போனைச் சுற்றிக் கூட்டமாம். தராசில் கொழுந்து கிடந்தபடியே கிடந்ததாம். "புள்ள இன்னும் கைய விடல பாரு" என்று ஒருவர், "இந்த மழையில எங்க விட" என்று இன்னொருவர். லொறி டிரைவர் அப்பாவிடம் "அய்யே, மே ஒயாகே துவ நேத" என்று, இது உங்கள் மகள்தானே என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அப்பா அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தார். நான் தனியாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். போனைத்தான் நம்பினார். "நான் இங்கதானே இருக்கேன் அப்பா" என்றேன். "வாய மூடு, இங்க நிக்கிறது தெரியல?" என்று போனில் நின்ற என்னைக் காட்டி, அரிசி பொறுக்கிய என்னைத் திட்டினார்.

முடிவு என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வகுப்புக்கு இனிமேல் போகக் கூடாதாம். ஓஎல் பரீட்சை டிசம்பரில். கணக்கில் நான் தவறினால் கொழும்பில் ஏதாவது கடைக்குத்தான் அனுப்புவார்கள். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அப்பா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். கடிதம் கிடைத்த உடனே போன் எடுத்து, படம் நின்றுபோகும் என்று சொல்லுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு இந்தக் கமராவைக் கழற்றி, உங்கள் வீட்டில் நீங்கள் ரொட்டி தின்னும் இடத்துக்கு மேலே மாட்டிக்கொள்ளுங்கள். ஆறு போனையும் நாங்கள் தருகிறோம், எல்லோரும் பார்க்கட்டும்.

அத்தையையும் சின்னத் தம்பியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்களுக்கு எல்லா நலனும் சேரட்டும், எனக்குக் கோபம் ஆறும்வரை கொஞ்சம் குறைவாகச் சேரட்டும்.

கோபமுள்ள மருமகள்,
அனுஷியா.

பி.கு. (சனிக்கிழமை அந்தி): மாமா, அப்பாவுக்குப் போன் எடுக்க வேண்டாம். இன்று அவர் என்னைக் காவல் காக்க வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நான் பீலியில் தண்ணீர் எடுக்கப் போன நேரம், தனுஷனின் அம்மா இராஜகுமாரி அக்கா குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். அப்பா கையை நீட்டினாராம். மழை வந்தது.

அம்மா கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து ஜெயம்மா அக்காவின் போனோடு வந்தபோது, அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார். "நான் இங்கதானே இருக்கேன், நெட்டு நின்னுபோச்சு" என்றார். "வாய மூடுங்க" என்றார் அம்மா. அப்பா அந்தப் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு "நாளைக்கு கிளாசுக்குப் போ" என்றார்.

அப்பா கமராவைக் கழற்ற நாற்காலியில் ஏறிவிட்டார், அம்மாதான் விடவில்லை. அது அங்கேயே இருக்கட்டுமாம், அம்மாவின் போனுக்கும் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். பாஸ்வேர்டை மாற்றினால் அம்மாவுக்கு மட்டும் சொல்லுங்கள். உங்கள் போனில் அப்பா இன்னும் குடையைப் பிடித்தபடி நின்றால் நம்பாதீர்கள். அவர் குசினியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறார்.