எட்டு மொழியும் காலியாகாத பன்னிரண்டு அறையும்

எட்டுக் கணினி மொழிகள் தெரியும் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எட்டையும் சேர்த்து எனக்குத் தெரிந்தது அரை மொழி. இந்த முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் மாமா சொல்லிவிடுவார்.

கிரிவலம் போகிறவர்கள் ஒவ்வொரு லிங்கத்திலும் ஒரு கும்பிடு போட்டு, விபூதி பூசி, அடுத்த லிங்கத்துக்கு நடையைக் கட்டுவார்கள். நானும் மொழிகளை அப்படித்தான் கற்றேன். (அவர்களுக்குப் புண்ணியமாவது உண்டு.)

திருவண்ணாமலையில் மாமா பன்னிரண்டு அறை லாட்ஜ் வைத்திருக்கிறார். கல்லூரி முடித்துச் சும்மா இருந்த என்னிடம், நோட்டில் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தரச் சொன்னார். பைத்தானில் ஆரம்பித்தேன். ஆள் வந்ததும் அறை கொடுக்கும் பகுதி சுலபம். ஆள் போனதும் அறையைக் காலி செய்யும் பகுதியில் பிழை மேல் பிழை. 'இந்த மொழி லாயக்கில்லை' என்று ஜாவாவுக்குத் தாவினேன். அங்கும் அதே இடத்தில் முட்டி, அடுத்ததற்கு. எட்டு முறை முதலிலிருந்து எழுதினேன். எட்டிலும் ஆள் வருவார், போகமாட்டார்.

"முடிஞ்சுதாடா?"

"சூப்பரா ஓடுது மாமா!"

நம்பி, நோட்டைப் பரணில் போட்டுவிட்டார்.

சாதாரண நாளில் இரண்டு பேர் வந்தாலே ஜாஸ்தி என்பதால் குட்டு வெளிப்படவில்லை. பௌர்ணமி வந்தது. அன்றைய கிரிவலக் கூட்டத்தை நம்பித்தான் லாட்ஜுக்கு மாதம் முழுக்கச் சோறு. மாமா வெளியே போயிருக்க, கவுன்டரில் நான். திரையில் பன்னிரண்டு அறையும் சிவப்பு. (அத்தனை பேரும் என்றைக்கோ ஊருக்குக் கிளம்பியவர்கள்.) வந்த குடும்பங்களையெல்லாம், "ரூம் இல்லீங்க" என்று, என் பிழையை நானே மறந்து, பெருமையாகத் திருப்பி அனுப்பினேன்.

அறைகளைச் சுத்தம் செய்யும் கஸ்தூரியக்கா துடைப்பத்தோடு வந்தார். "இன்னா தம்பி, எல்லா ரூமையும் பெருக்கி வச்சிக்கினு ஒக்காந்திருக்கேன், ஒருத்தரையும் காணோமே?"

"ஃபுல்லுக்கா."

"யாரு, பேயா?"

மாமா திரும்பியபோது தெரு கொள்ளாத ஜனம். எங்கள் லாட்ஜில் ஈ காக்காய் இல்லை. மாமா திரையைப் பார்த்தார். ஏணி போட்டு, தானே பரணில் ஏறி நோட்டை எடுத்தார். அந்தச் சத்தமில்லாத ஏறல்தான் உறைத்தது.

அப்புறம் ஒரு வருடம் ஒரே மொழியைப் பிடித்துத் தொங்கினேன். அறை காலியானது. இரண்டாவது மொழி ஒரே மாதத்தில் வந்தது. இப்போது புரோகிராம் எழுதுவதுதான் பிழைப்பு.

போன பொங்கலன்று சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "புதுசா ஒரு லாங்வேஜ் கத்துக்கலாம்னு இருக்கேன் மாமா."

இலையிலிருந்து தலை நிமிராமல் மாமா கேட்டார்: "அதுலயாவது ரூம் காலியாவுமா?"