இன்னொருவாட்டி மாஸ்டர்

திருவண்ணாமலையில் ‘போதும்’ என்ற சொல்லைக் கேள்விப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. நாங்கள் அவரை ‘இன்னொருவாட்டி மாஸ்டர்’ என்போம். முதல் மாதம் அவர் சொன்ன ‘இன்னொருவாட்டி’களை டைரியில் கோடு போட்டு எண்ணிவந்தேன். நானூறைத் தாண்டியதும் பக்கத்தில் இடமில்லை, நிறுத்திக்கொண்டேன்.

கல்யாணக் கச்சேரிகளில் முப்பது வருஷம் கீபோர்டு வாசித்தவர். நன்றாகப் பாடுகிறவர்களோடு இருந்து அலுத்துப்போய், பாடத் தெரியாதவர்களுக்காக ஒரு சேர்ந்திசைக் குழு ஆரம்பித்தார். எட்டு இடங்களில் ‘முடியாது’ வாங்கிய பிறகு, ஒரு லாட்ஜின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தது. திங்கள்தோறும் மாலை ஆறு மணி. சேர ஒரே தேர்வு: ‘அரோகரா’ சொல்ல வேண்டும். இந்த ஊரில் அதைச் சொல்ல வராத தொண்டை கிடையாது என்பது அவர் நம்பிக்கை.

அதுவரை அவர் என் தொண்டையைக் கேட்டதில்லை. வேங்கிக்கால் அலுவலகம் ஒன்றில் கோப்பு எண்களை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது என் வேலை. பள்ளியில் கடவுள் வாழ்த்தின்போது, “நீ வாயை மட்டும் அசைச்சா போதும்” என்று ஒதுக்கப்பட்டவன் நான்.

“அரோகரா” என்றேன்.

மாஸ்டர் மூடியிருந்த கண்ணைத் திறந்தார். “ஏன் சார், சாமியைக் கூப்பிடறீங்களா, கோர்ட்டுல ஆஜர் சொல்றீங்களா?”

அன்று முதல் நான் ஆஜர் சார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

குழுவில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நோய். ஆரம்பித்த சுருதியில் பாட்டை முடிக்க மாட்டோம். மல்லிப்பூ கூவி விற்றுப் பழகிய விஜயாக்கா குரலை மேலே இழுப்பார். மற்றவர்கள் பின்னாலேயே ஏறுவார்கள்.

“கிரிவலம் போனா கிளம்பின கோபுரத்துக்கே வந்து சேரணுங்க. நீங்க பாதி வழியில செங்கம் பஸ் ஏறிடறீங்க!” என்பார் மாஸ்டர்.

“டிக்கெட் எடுத்துட்டோமே மாஸ்டர், போய்ட்டு வந்துடறோம்” என்பார் விஜயாக்கா.

“இன்னொருவாட்டி!”

நான் பழையபடி வாயை மட்டும் அசைத்து வந்தேன். மூன்றாவது வாரம் மாஸ்டர் என் வாயருகே காதை வைத்தார். “காத்துகூட வரலியே சார்.” எல்லோர் முன்னிலையிலும் ஒரே சுருதியில் ‘ஆ’ என்று நிற்கச் சொன்னார். நின்றேன். பக்கத்தில் விஜயாக்காவைப் பாடவிட்டார். நான் நகரவில்லை.

“பஞ்சராகி நிக்கற லாரி மாதிரி இருக்கீங்க. அப்படியே இருங்க” என்றார். திட்டு என்றே டைரியில் குறித்தேன்.

ஒருநாள் லாட்ஜ்காரர் வந்தார். “மாஸ்டர், சத்தம் ஜாஸ்தியாப் போச்சு. ரூம் எடுத்தவங்க காலி பண்ணிட்டு ஓடறாங்க. கடைசியா ஒரு சான்ஸ் தரேன், எங்க ஆண்டு விழாவுல பாடுங்க. முடியற வரைக்கும் ஜனங்க உக்காந்திருந்தா கூடம் உங்களுது. எழுந்துட்டாங்கன்னா, கீபோர்டைக் கட்டிக்கினு கிளம்பிடுங்க.”

ஒன்பதாவது இடமும் போனால் பத்தாவது இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

காலையில் நடந்த விழாவில் முதல் சரணம் வரை ஒழுங்காகப் போனோம். இரண்டாவதில் கரண்ட் போனது. கீபோர்டும் சுருதிப்பெட்டியும் ஒரே நேரத்தில் ஊமையாயின. விஜயாக்கா செங்கத்துக்குக் கிளம்பிவிட்டார், பாதிப்பேர் அவரோடு. முன்வரிசையில் ஒருவர் காலால் செருப்பைத் தேடினார்.

“ஆஜர் சார்!” என்றார் மாஸ்டர்.

‘ஆ’ என்று நின்றேன். கோப்பு எண் படிக்கும் அதே குரல். விஜயாக்கா திரும்பி என்னைப் பார்த்தார், மெல்ல இறங்கினார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசி வரி முடியவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. சுருதிப்பெட்டி தானாகப் பேச ஆரம்பித்தது. அதுவும் நானும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

“கோபுரம் வந்துடுச்சு மாஸ்டர்!” என்று கத்தினார் விஜயாக்கா. செருப்பு தேடியவர் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்தபடியே கைதட்டினார்.

“திங்கக்கிழமை வந்துடுங்க. ஜன்னலை மட்டும் சாத்திக்கங்க” என்றார் லாட்ஜ்காரர்.

மாஸ்டர் யாரையும் பாராட்டவில்லை. வயர்களைச் சுருட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார். நான் மட்டும் ‘ஆ’ சொல்ல வேண்டுமாம்.

“இன்னொருவாட்டி” என்றார்.

என் குரலை அதற்கு முன் யாரும் ஆசைப்பட்டு இரண்டாம் முறை கேட்டதில்லை.